சைபரை எடுக்கச் சொன்ன எஸ்தர்

எஸ்தர் போய்விட்டாள் என்று தங்கராஜ் போனில் சொன்னபோது நான் கடையில் மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை, ஒருவருக்குக் கடை நோட்டீஸ், மூன்றாமவர் சும்மா வந்தவர். தங்கராஜ் அவளுடைய வீட்டுக்காரர். "அண்ணாச்சி, எஸ்தர் காலையில..." என்றார். எலிக்காய்ச்சல். படுத்து ஐந்தாம் நாள். சாலைக் கடைத்தெருவிலிருந்து வலியசாலை வரைக்கும் பேச்சில் என்னை ஜெயித்தவன் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எதிரே என் கம்ப்யூட்டரில் டிஸ்க் செக் ஓடிக்கொண்டிருந்தது. கடை திறந்ததும் அதை ஓட விடவேண்டும், முடியும்வரை யாரும் விசைப்பலகையைத் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அது முடியும்வரை நானும் அசையாமல் நின்றேன்.

நம் வியாபாரிகள் சங்க மலரில் அவளைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று செயலாளர் கேட்டார். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் முப்பது வருஷம் அடுத்தவர் எழுத்தை அச்சுக் கோத்தவனுக்குச் சொந்தமாக நாலு வரி எழுதத் தெரியாமல் போகுமா? உங்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லோர் கடையிலும் அவள் ஸ்குரூ டிரைவர் ஏறியிருக்கிறது. நான் எங்கேயாவது கூட்டிச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கூட்டாமல் எழுதுவது என்ற தீர்மானத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பாதியில் கொஞ்சம் வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளை முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கிழக்கேகோட்டைக்குத் தெற்கே தமிழ் எழுத்து அடிக்கிற முதல் கம்ப்யூட்டரை வாங்கியவன் நான். அது வந்து இறங்கிய அன்று பார்க்க வந்த கூட்டத்தில் பஸ் போக வழியில்லை. ஒரு மாதத்தில் அது படுத்துவிட்டது. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் "ஆளை விடுகிறோம்" என்றார்கள். வந்த ஆள் ஒரு பெண். மொபெட்டில், காட்டன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளில் ரெக்சின் பை. பாறசாலைப் பக்கம் வீடு, பாலிடெக்னிக் படிப்பு. பக்கத்துக் கடை வாசலிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, மெக்கானிக்கை விளிச்சா டீச்சரையா விட்டினும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் திரும்பிப் பார்த்து, "டீச்சர்தான் சேட்டா. ஒங்க கால்குலேட்டரையும் எடுத்துட்டு வாங்க, அதுக்கும் பாடம் எடுக்கேன்" என்றாள். அவர் உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு என் பெருமையைச் சொல்லவேண்டாமா? சொன்னேன். "இந்த மெஷினைப் பாக்க அறுநூறு பேரு வந்தாவ, தெரியுமா?"

அவள் மூடியைக் கழற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அண்ணாச்சி, அதுல ஒரு சைபரை எடுக்கலாமா?"

"அறுபதா? சரி, அறுபதுன்னே வச்சுக்க."

"இன்னொண்ணு?"

ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் மைத்துனர்கள். அன்று தொடங்கியது. பிறகு வந்த எல்லா வருஷமும் நான் எதைச் சொன்னாலும் அவள் அதிலிருந்து ஒரு சைபரை எடுத்தாள். எனக்குக் கோபம் வரவேண்டியது. வரவில்லை. என் மனைவி பகவதி, "இத்தனை வருசமா நான் செய்ய முடியாததை இந்தப் பிள்ளை ஒரு வரியில செய்யுதே" என்று அவளுக்குத் தனியாக நெய் விட்டுப் பருப்பு ஊற்றுவாள்.

அந்தக் காலத்தில் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் போகும், நினைவிருக்கிறதா? மெஷினை முறைப்படி மூட நேரம் இருக்காது, டப்பென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் உடனே வேலைக்கு வராது. உள்ளே ஹார்ட் டிஸ்க் தகட்டில் எழுதி வைத்ததெல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று தன்னைத்தானே ஒரு முறை சோதித்துப் பார்க்கும்; அதுதான் டிஸ்க் செக். திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி நகரும். நடுவில் நின்று, இங்கே இன்ன கோளாறு, என்ன செய்யட்டும் என்று கேட்கும். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓட்டமில்லை. பொறுமை அதைவிடக் குறைவு. ஒரு விசையை அமுக்கினால் அந்தச் சோதனையே வேண்டாமென்று தாண்டிப் போய்விடலாம் என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டேன். அந்த விசையை நான் அமுக்குகிற வேகத்துக்கு மின்னலே பிந்தித்தான் வரும்.

ஒரு நாள் எஸ்தர் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி இது? அது ஒங்ககிட்ட ஒண்ணு சொல்ல வருது. நீங்க வாயைப் பொத்துதிய."

"சும்மா முறுமுறுக்குது. தினமும் இதுதானே சொல்லுது?"

"தினமும் சொல்லுதுன்னா தினமும் ஏதோ கெடக்குன்னு அர்த்தம். எச்சரிக்கைங்கது திட்டு இல்ல, கேட்டேளா. வாசிக்கணும். வாசிச்சுப்போட்டுதான் ஆமாவா இல்லையான்னு சொல்லணும்."

அன்று ஒரு மணி நேரம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள். ஒரே இடத்தை இரண்டு பைல்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. பெயர் போய் உள்ளடக்கம் மட்டும் அநாதையாகக் கிடக்கிறது. இந்த மாதிரி. எல்லாம் முடிந்து "சரியாயிற்று" என்று திரையில் வந்ததும் நான் எழுந்தேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள்.

"இப்பதானே சரின்னு சொல்லிச்சு?"

"அது சொல்லிச்சு. ரெண்டாவது தடவையும் கேப்போம். ஒரு குத்தமும் இல்லைன்னு வெறுங்கையோட வந்தாதான் சரி."

அதுதான் எஸ்தர். பெரிய ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரிந்தவர், ஓணச் சமயத்தில் பில் போட முடியாமல் குதித்தார். "மோளே, ஒண்ணு வேகம் ஆவட்டு, ஆளு நிக்குது!" அவள் இரண்டாவது செக் முடியும்வரை அவரையும் நிற்கத்தான் வைத்தாள். அவர் கை கட்டி நின்றார். நான் கண்ணால் பார்த்தேன். சரி, பார்க்கவில்லை. அவர் கடைப் பையன்கள் சொன்னார்கள்.

ஒவ்வொரு மெஷினுக்கும் அவளிடம் நீளநோட்டில் ஒரு பக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சீட்டு இருக்குமே, அதுபோல. என்ன எச்சரிக்கை வந்தது, என்ன பதில் கொடுத்தாள், காரணம் என்ன. என் மெஷினுக்கு மட்டும் மூன்று பக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனி வருவது வள்ளியின் கதை. இதை நான் உங்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டர் விழுங்கிய ஓர் அத்தியாயத்தை நான் ஒற்றை ஆளாக, அரை மணி நேரத்தில், வெறுங்கண்ணால் மீட்டதாகவும், மின்னல் அடித்து ஒரே ஒரு வரி மட்டும் போய்விட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். அதை இப்போது இரண்டாவது தடவையாக ஓட்டிப் பார்க்கிறேன்.

வள்ளி விதுராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயங்களிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த முதல் பெண். தோட்டத்துப் பெண்கள் பாடுகிற பாட்டுகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. மூன்று மாதம் என் கடையில் உட்கார்ந்து டைப் அடிக்க வைத்தாள். நாலாவது அத்தியாயம் முழுக்கப் பாட்டுகள். அதைக் கேசட்டைப் போட்டுக் கேட்டு, கேட்டு, அவள் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். இருந்தது நாலு கேசட்டுதான். ஒரு பாட்டை அடித்து முடித்ததும் அதன்மேலேயே அடுத்ததைப் பதிந்துகொண்டு வருவாள். "கம்ப்யூட்டர்ல ஏறிடிச்சுல்ல மாமா, இனி எதுக்கு?" என்பாள். "ஏறிட்டா அது கல்வெட்டு மாதிரி" என்று நான்தான் சொன்னேன். அதில் ஒரு பாட்டு அவள் அம்மா பாடியது. பாடிக் கொடுத்த மறுவருஷம் அம்மா இறந்துபோனார். அந்தப் பாட்டு இருந்த கேசட்டிலும் வேறு பாட்டு ஏறிவிட்டது.

நவராத்திரி வந்தது. நம் ஊர் வழக்கம் வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமானையும் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலை வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. அந்த அஷ்டமியன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. மெஷினைப் போட்டதும் டிஸ்க் செக் தொடங்கியது. எஸ்தரிடம் பாடம் கேட்டவனாயிற்றே, தாண்டிப் போகாமல் விட்டுவைத்தேன். பாதி ஓடியிருக்கும். எதையோ திருத்திக்கொண்டிருக்கிறேன், நிறுத்தாதே என்று திரையில் இருந்தது. பகவதி சந்தனமும் குங்குமமும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மணியாச்சு. அணையுங்க."

"இரு, செக் ஓடுது."

"எழுத்து ஓடுதா இல்லியா?"

"ஓடுது."

"எழுத்து ஓடினா படிப்புதானே? அஷ்டமி பொறந்தாச்சு. சரஸ்வதிக்கு முன்னால வச்சுட்டு அது பாட்டுக்குப் படிச்சுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

அந்த நியாயத்துக்கு எந்தப் பாலிடெக்னிக்கிலும் பதில் கிடையாது. சுவரில் சுவிட்சை அணைத்தேன். மானிட்டருக்குச் சந்தனம், விசைப்பலகைக்குக் குங்குமம், மேலே ஒரு செம்பருத்தி. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. சாமி காரியத்துக்கு நிறுத்தினேன் என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

விஜயதசமி காலை ஒன்பது மணிக்கு வள்ளி வந்தாள். எல்லா அத்தியாயத்தையும் பிரிண்ட் எடுத்து, பைண்டு செய்து, மறுநாள் கொடுக்கவேண்டும். மறுநாள்தான் கடைசி நாள். அதைத் தாண்டினால் பதிவே ரத்தாகிவிடும். மெஷினில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து இருந்தன. நாலைக் காணவில்லை. வள்ளி அழவில்லை. "மாமா, இன்னொரு வாட்டி பாருங்க. மாமா, இன்னொரு வாட்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எஸ்தருக்குப் போன் போட்டேன்.

பத்தரைக்கு மொபெட் வந்து நின்றது. விடுமுறை நாள். சமையலைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். கையில் மஞ்சள் இருந்தது. உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"அண்ணாச்சி, போட்ட பெறகு மெஷின்ல ஏதாவது எழுதினேளா? ஒரு எழுத்து, ஒரு புள்ளி? சேவ் பண்ணினேளா?"

"ஒண்ணுமே இல்ல" என்றேன். "தொடவே இல்ல."

இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"நல்லது. காணாமப் போனது தகட்டைவிட்டு எங்கயும் போகல்ல. அது கெடக்க இடம் காலியா இருக்குன்னு மெஷின் நெனைச்சுக்கிட்டிருக்கு. புதுசா எதையாவது எழுதினோம்னா அதுக்கு மேலயே எழுதிரும். அதனால இனி யாரும் மூச்சுகூட விடப்பிடாது."

ஹார்ட் டிஸ்கைக் கழற்றினாள். தான் கொண்டுவந்த வேறொரு மெஷினில் மாட்டி, முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்தாள். மூலத்தைத் துணியில் சுற்றி பகவதியிடம் கொடுத்தாள். "சாமி முன்னால வையுங்க. இது பத்திரமா இருக்க வேண்டிய இடம் அதுதான்" என்றாள். பகவதிக்கு அந்த ஒரு வார்த்தையே போதும். நகலில் டிஸ்க் செக் ஓட்டினாள். எதையும் திருத்தாதே, என்ன கோளாறு என்று சொல்ல மட்டும் செய் என்று கட்டளை போட்டு. எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். வள்ளிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அக்கா, சரி பண்ணுன்னு ஒரேயடியா அமுக்கிட்டா ஆகாதா?"

"அமுக்கினா சரி பண்ணும் மக்களே. அதுக்குத் தெரிஞ்ச மாதிரி சரி பண்ணும். ஒன் பாட்டைத் துண்டுதுண்டா வெட்டித் தூர எறிஞ்சுட்டு, எல்லாம் சுத்தமாயிட்டுன்னு சொல்லும். திருத்துறதுக்கு முந்தி பாக்கணும்."

பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் வாசித்து, யோசித்துப் பதில் கொடுத்தாள். அநாதையாகக் கிடந்த துண்டுகளை எறியாமல் தனித்தனிப் பைலாக மாற்றி வைக்கச் சொன்னாள். நம்பர் போட்ட துண்டுகள் குவிந்தன. எது எந்தப் பாட்டு என்று தெரியவேண்டும். ஆனால் அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து வராது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குப்பை. எஸ்தர் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தாள்.

"இதை எப்படிப் பிரிக்க?"

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது. என் வாய் தானாகச் சொல்லிற்று: "அம்மா."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

தமிழ் வர நான் எந்த விசையை அடிப்பேனோ, அந்த விசையின் இங்கிலீஷ் எழுத்துதானே அங்கே கிடந்தது! ஈய எழுத்தைத் தலைகீழாகவும் இடம் வலமாகவும் வாசித்துப் பழகிய கண் இது. எத்தனையோ வருஷம் அந்த விசைகளை அடித்த விரல் இது. திரையைப் பார்க்காமல் விரலை மேஜைமேல் ஆட்டினால் தமிழ் வந்தது. "கொழுந்து கிள்ளப் போகையிலே, கூட வரும் பனியே" என்று வாசித்தேன். வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். எஸ்தர் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இதுல எடுக்க சைபரே இல்ல" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் இது ஒன்றுதான். இது உண்மை. வள்ளி சாட்சி.

அரை மணி நேரம் இல்லை. நாலரை மணி நேரம் ஆனது. நான் வாசித்தேன், வள்ளி எந்தப் பாட்டு என்று சொன்னாள், எஸ்தர் துண்டுகளைச் சேர்த்தாள். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். ஒரு துண்டு தொடங்குகிற இடம் பாட்டின் நடுவில் இருக்கும், முடிகிற இடம் அடிக்குறிப்பில் இருக்கும். பகவதி கொண்டுவந்த காப்பி மூன்று தடவை ஆறியது. இனி கிடைக்காது என்று நானும் வள்ளியும் இரண்டு தடவை கைவிட்டோம். எஸ்தர் விடவில்லை. "இன்னும் வாசிக்காத துண்டு கெடக்கு அண்ணாச்சி. அதை வாசிச்சுட்டு அழுவோம்" என்பாள்.

கடைசியில் எல்லாம் சேர்ந்தது, ஒரு இடம் தவிர. அம்மா பாட்டின் நடுவில் ஓட்டை. நான் முன்பு வாசித்த அந்தக் 'கொழுந்து கிள்ள' என்ற முதல் இரண்டு வரி ஒரு துண்டில் இருந்தது. கடைசி இரண்டு வரி வேறொரு துண்டில் இருந்தது. "அந்திக்குள்ள வந்துருவேன், அடுப்பணைக்காதே மகளே." இடையில் நாலு வரி இல்லை. எஸ்தர் தகட்டில் அந்த இடத்தையே நேராகத் திறந்தாள்.

"வாசியுங்க அண்ணாச்சி."

நான் வாசிக்கவில்லை.

அங்கே இருந்தது இதுதான்: "ஹரிஸ்ரீ கணபதயே நம. இப்படிக்கு சுடலைமுத்து, தென்திசையின் முதல் தமிழ்க் கம்ப்யூட்டர் அச்சக அதிபர்."

விஜயதசமியன்று விடிந்ததும் நான் செய்த முதல் காரியம் அது. பூஜையை எடுத்ததும் ஒவ்வொரு சாமானிலும் முதல் எழுத்து எழுதவேண்டும். குழந்தைகள் அரிசியில் எழுதும். நான் கம்ப்யூட்டரில் எழுதினேன். குளித்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, ஹரிஸ்ரீ அடித்து, கீழே என் பெயரையும் போட்டு, கல்வெட்டு மாதிரி இருக்கட்டும் என்று சேவ் செய்தேன். காலி என்று மெஷின் நினைத்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. தொடவே இல்லை என்று எஸ்தரிடம் சொன்னபோது அது என் நினைவில் இருந்ததா? இருந்தது. சாமி காரியம்தானே, எழுத்தில் சேராது என்று எனக்குள் ஒரு வழி பார்த்துக்கொண்டேன்.

எஸ்தருக்கு அந்தக் குப்பையை வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுதிய நேரம் பக்கத்தில் இருந்தது. அன்றைய தேதி, காலை ஆறு மணி. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். வள்ளியிடம் திரும்பி, "அந்த இடத்துல வேற எழுத்து ஏறிப் போச்சு மக்களே. அது இனி கிட்டாது" என்றாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"எது ஏறிச்சு அக்கா?"

எஸ்தர் பதில் சொல்லாமல் எனக்கு இடம் விட்டாள். அரை நிமிஷம் இருக்கும். இப்போது யோசித்தால் புரிகிறது, அது எனக்காக விட்ட இடம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேத்து மின்னல் அடிச்சுது, அதுவாத்தான் இருக்கும்" என்றேன். பூஜைக்கு வைத்து, சுவரில் அணைத்து வைத்திருந்த மெஷினில் மின்னலாம்.

எஸ்தர் சைபரை எடுக்கச் சொல்லவில்லை. வள்ளியைப் பார்த்து, "பாடிப் பாரு. சொன்னா வராது, பாடினா வரும்" என்றாள். வள்ளி அதுவரை யார் முன்னாலும் பாடியதில்லை. கேட்டு எழுதுகிறவள்தான். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை பாடும்போது "கூடை ரொம்பி வாறதுக்குள் எங்க போறே தனியே" என்று இரண்டு வரி வந்தது. நாலாம் தடவை "மலையிறங்கும் மேகத்துக்கு" என்று வந்தது. அதற்கு அடுத்த வரி வரவே இல்லை. எட்டுத் தடவை பாடினாள். மேகத்துக்கு என்ன என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் புள்ளி வைத்து அச்சடித்தோம். நான் எண்ணிப் போட்டேன், பதினொரு புள்ளி.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் வேலை முடிந்தது. எஸ்தர் அப்போதும் இரண்டாவது செக் ஓட்டி, ஒரு குற்றமும் இல்லை என்று வந்த பிறகுதான் பையை எடுத்தாள். மறுநாள் மத்தியானம் வள்ளி ஆய்வேட்டைக் கொடுத்தாள். பட்டம் வாங்கினாள். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அந்தப் பாட்டுகளைப் புத்தகமாகப் போட என் அச்சகத்துக்கே வந்திருக்கிறாள். நானோ இத்தனை வருஷமும் மின்னலை வளர்த்தேன். முதலில் தூரத்தில் அடித்த மின்னல், பிறகு தெருவில் தென்னை மரத்தில் விழுந்தது, கடைசியாகச் சொன்னபோது என் கடைக் கூரையைத் துளைத்துவிட்டது. எஸ்தர் பக்கத்தில் இருந்தால் எழுந்து போய் மொபெட்டைத் துடைப்பாள். அந்தக் கதை ஒன்றில் மட்டும் அவள் ஒருநாளும் சைபரை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து பாறசாலை வீட்டு முற்றத்தில் நின்றபோது தங்கராஜ் அந்த நீளநோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "ஒங்க மெஷின் பக்கம் நெறைய இருக்கு அண்ணாச்சி. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். விஜயதசமிப் பக்கத்தைத் தேடினேன். எச்சரிக்கைகள் எல்லாம் அவள் சின்னக் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. காரணம் என்ற இடத்தில் மட்டும் எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள். பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "அண்ணாச்சி அவராவே சொல்லுவார்."

வள்ளியும் வந்திருந்தாள், கையில் பெண் குழந்தையோடு. அவளைப் பலாமரத்தடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். ஹரிஸ்ரீயைச் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன், அதிபர் என்று போட்டதையும் சொன்னேன்.

"அப்போ மின்னல் இல்லியா மாமா?"

"இல்ல."

"நான் பிள்ளைக்கு அந்தப் பாட்டைப் பாடும்போது அந்த எடத்துல 'உம்'முன்னு இழுப்பேன். 'மின்னல் தின்னுட்டும்மா'ன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவள் என் தோளில் கை வைத்தாள் என்று எழுத விரல் துடிக்கிறது. வைக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். வாசலில் நின்று திரும்பினாள். "மாமா, புத்தகத்துல அந்தப் புள்ளிக்கு அடிக்குறிப்பு போடணும். என்ன நடந்ததுன்னு. நீங்களே எழுதுங்க" என்றாள்.

நேற்று அதை அடித்தேன். பலமுறை எழுதி அழித்தேன். முதலில் வந்ததெல்லாம் நீளமாகவும், என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் இருந்தன. கடைசியில் நின்றது இது: "இவ்வரி அச்சக உரிமையாளர் சுடலைமுத்து தன் பெயரை எழுதிச் சேமித்ததால் அழிந்தது." சேவ் செய்தேன். செக் ஓட்டினேன். இரண்டாவது தடவையும் ஓட்டினேன். பிறகு எஸ்தரின் நோட்டைத் திறந்து, அவள் விட்டு வைத்த இடத்தில் பேனாவால் காரணத்தை எழுதினேன்.

நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. இனி கடையில் எந்த மெஷின் எச்சரித்தாலும் அதில் எழுதப்படும். அஷ்டமியன்று செக் முழுதாக முடிந்து, மறுபடியும் ஓடி முடிந்த பிறகுதான் சந்தனம். பகவதி அதற்குச் சம்மதித்துவிட்டாள். "எஸ்தர் சொன்னதுன்னா சரஸ்வதி காத்திருப்பா" என்கிறாள். விஜயதசமிக்கு ஹரிஸ்ரீயை இனி நானும் அரிசியில் எழுதிக்கொள்கிறேன்.

எஸ்தரே, போன வரி ஒன்று. போக்கியவன் ஒருவன். பார்த்துக்கொள், இதில் எடுக்க சைபர் இல்லை.